பிள்ளைகள் கேட்கும் வினாவும் பெற்றோர் தரும் விடையும்



மக்ரிபுத் தொழுகை நிறைவேறியதும் நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பாடசாலை கூடிவிடுகின்றது. குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகள் ரைஹாலை ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையைத் திறக்கின்றனர். சற்று நேரத்தில் வினாக்கள் கிளம்புகின்றன. “வாப்பா, இந்தக் கணக்கிற்கு என்ன விடை?” என்று ஒரு வீட்டில் குரல் எழுகிறது. “அத்தா, இந்தப் பாடலின் மையக் கருத்து யாது?” என்று மற்றொரு வீட்டில் கேட்கிறது. அடுப்படியில் நிற்கும் உம்மாவின் முந்தானையைப் பிடித்திழுத்துக் கேட்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் உண்டு.

கடையை மூடிவிட்டுக் களைத்து வந்த தந்தை என்ன செய்கிறார்? விடை தெரிந்தால் சொல்லிவிடுகிறார். பிள்ளை எழுதிக் கொள்கிறது. தெரியாவிட்டால், “உரைநூலைப் பார்த்து எழுது” என்கிறார். இக்காலத்தில் கைப்பேசியை எடுத்துக் கையில் கொடுத்து விடுவதும் உண்டு. அரைமணி நேரப் பாடம் ஐந்தே நிமிடத்தில் முடிகிறது. மறுநாள் ஆசிரியர் சிவப்பு மையினால் ‘சரி’ என்று குறியிடுகிறார். தந்தைக்கும் மகிழ்ச்சி, பிள்ளைக்கும் மகிழ்ச்சி, ஆசிரியருக்கும் மகிழ்ச்சி. ஆனால், பிள்ளை கற்றுக் கொண்டது என்ன என்று எவரேனும் எண்ணிப் பார்த்தோமா?

ஆசிரியருக்குச் செல்லும் கடிதம்

வீட்டுப்பாடம் எதற்காகத் தரப்படுகிறது? நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், சொல்லிக் கொடுத்த பாடம் யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியர் முகத்தைப் பார்த்து மட்டும் கண்டுகொள்ள இயலாது. பிள்ளை தானே உட்கார்ந்து எழுதிக் கொண்டு வரும் ஏடுதான் அவருக்குச் செய்தி சொல்கிறது. அந்த ஏடு ஆசிரியருக்குப் பிள்ளை எழுதும் கடிதம் என்றே கொள்ளலாம். “எனக்கு இதுவரை விளங்கியது, இதற்கு மேல் விளங்கவில்லை” என்பதே அக்கடிதத்தின் வாசகம்.

அக்கடிதத்தை நாமே எழுதிக் கொடுத்தால் நிகழ்வது யாது? விளங்காத இடம் மறைந்து போகிறது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நம்பி ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்று விடுகிறார். பின்னங்களை அறியாத பிள்ளை விகிதங்களுக்குச் செல்கிறது; விகிதங்களை அறியாத பிள்ளை சமன்பாடுகளுக்குச் செல்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மண்டபத்தில் அதன் அருகில் வாப்பாவும் இருக்கமாட்டார், உரைநூலும் இராது. ஐந்தாம் வகுப்பில் மூடி மறைத்த குறை, அங்கே ஒரே நாளில் வெளிப்படும்போது, “நன்றாகத்தானே படித்துக் கொண்டிருந்தான்!” என்று நாம் திகைக்கிறோம்.

ஆகவே, விடை சொல்வதா, வேண்டாமா என்பதைக் காட்டிலும், எப்படிச் சொல்வது என்பதே பெற்றோர் சிந்திக்க வேண்டியதாகும்.

வினாவிடை நம் மரபு

வினாவினால் அறிவை வளர்க்கும் முறை நமக்குப் புதியதன்று. தமிழ் முஸ்லிம்கள் யாத்த இலக்கியங்களுள் முழுமையாகக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழையது, வண்ணப்பரிமளப் புலவர் 1572ஆம் ஆண்டில் இயற்றிய ஆயிரம் மசலா ஆகும். மசலா என்றால் வினா. அப்துல்லாஹ் இப்னு சலாம் அவர்கள் தொடுக்கும் வினாக்களும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளிக்கும் விடைகளுமாக அமைந்த நூல் அது. நம் முன்னோர் தமிழில் ஒரு பெருநூல் செய்யப் புகுந்தபோது வினாவிடை வடிவையே தேர்ந்து கொண்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த முறையை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒருமுறை தோழர்களிடம், இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எதுவென்று சொல்லுங்கள் என்று அவர்களே வினாத் தொடுத்தார்கள். பெரியோர் பாலைவனத்து மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தனர். சபையில் இளையவராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு, அது பேரீச்சை மரம் என்று தோன்றிற்று. எனினும் நாணத்தினால் வாய் திறக்கவில்லை. பின்னர் நபியவர்களே அதனைச் சொன்னார்கள். மகன் தன் மனத்தில் பட்டதைச் சொல்லியிருந்தால் தமக்கு எத்துணை உவப்பாக இருந்திருக்கும் என்று தந்தை உமர் (ரலி) அவர்கள் பிற்பாடு கூறினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில் பெற்றோருக்குப் பெரும் பாடம் இருக்கிறது. விடை பிள்ளையின் உள்ளத்திலேயே இருக்கக்கூடும். அதைச் சொல்லும் துணிவைத் தருவதுதான் பெரியோர் கடமை.

மற்றொரு நிகழ்ச்சி. பள்ளிவாசலில் ஒருவர் அவசர அவசரமாகத் தொழுதார். திரும்பச் சென்று தொழுமாறு நபியவர்கள் மும்முறை அனுப்பினார்கள். தமக்கு இதைவிட நன்றாகத் தொழத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்ட பின்னர்தான் முறையை விளக்கினார்கள். முதலில் தானே முயலவேண்டும்; தன் குறையைத் தானே உணரவேண்டும்; அதன் பின் கிடைக்கும் விளக்கம் நெஞ்சில் நிலைக்கும்.

இனி, பள்ளிப் பாடங்களுக்கு வருவோம்.

இலக்கிய வினா

தமிழ்ப் பாடத்தில் சீறாப்புராணப் பகுதி வருகிறதென்று வைத்துக் கொள்வோம். “சீறாப்புராணத்தை இயற்றியவர் யார்? அதன் பிரிவுகள் எத்தனை?” என்பது வினா. உமறுப்புலவர், விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். இத்தகைய வினாவிற்கு விடை நூலில் இருக்கிறது. இதை நாம் சொல்லவே வேண்டியதில்லை. “எந்தப் பக்கத்தில் இருக்கிறது, தேடிக் காட்டு” என்றாலே போதும். தேடப் பழகிய கண்ணுக்கு அடுத்த முறை எவர் உதவியும் வேண்டா.

ஆனால், பிள்ளை வேறொரு வினாவும் கேட்கக்கூடும். “வாப்பா, அரபு நாடு பாலைவனம் என்கிறார்களே, உமறுப்புலவரின் நாட்டுப் படலத்தில் வெள்ளம் பெருகி ஓடுகிறது, உழவர் நாற்று நடுகின்றனர். அங்கே நெல்வயல் ஏது?” இது வீட்டுப்பாடத்தில் இல்லாத வினா, ஆனால் வீட்டுப்பாடத்தைக் காட்டிலும் பன்மடங்கு உயர்ந்த வினா. “அதெல்லாம் உனக்கெதற்கு? கேட்டதை மட்டும் எழுது” என்று சொல்வோமானால் அன்றைக்கே ஒரு விளக்கை அணைத்தவர்களாவோம்.

அப்போது நாமும் ஒரு வினா கேட்கலாம். “புலவர் எந்த ஊரில் வாழ்ந்தார்? யாருக்காகப் பாடினார்?” அவர் எட்டயபுரத்து அரசவையை அணிசெய்தவர். வள்ளல் சீதக்காதி அவரை ஆதரித்தவர். தமிழ்க் காப்பியம் என்றால் நாட்டு வளமும் நகர் வளமும் பாடித் தொடங்குவது இங்குள்ள மரபு. ஒரு நாட்டைப் போற்ற வேண்டுமானால் மழையையும் வயலையும் சொல்லியே போற்றுவது தமிழ் உள்ளம். நபிகளார் பிறந்த மண்ணைத் தமிழர் தம் சொந்த மண்ணாகவே உணர வேண்டும் என்று விழைந்த புலவர், மக்கத்து நிலத்தில் தமிழ்நாட்டு மருதத்தை விரித்துக் காட்டினார். இவ்வளவையும் பிள்ளை தானே கண்டுபிடிக்குமாறு படிப்படியாக வினவிச் சென்றால், காப்பிய மரபு என்றால் என்ன என்பதை அது வாழ்நாளெல்லாம் மறவாது. கம்பனைப் படிக்கும்போதும் அந்த அறிவு அதற்குத் துணை நிற்கும்.

கணக்கும் பாகப்பிரிவினையும்

கணக்குப் பாடம் என்றதும் நம்மில் பலர் பின்வாங்கி விடுகிறோம். “எக்ஸ் என்றும் ஒய் என்றும் எழுதியிருக்கிறதே, நான் படித்த காலத்தில் இதெல்லாம் இல்லை” என்கிறோம். இயற்கணிதம் என்னும் அத்துறைக்கு ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில், கலீபா மஃமூனின் காலத்தில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ எழுதிய நூலின் பெயரில் உள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லே அவ்வாறு ஆயிற்று. குறைந்ததை நிறைவு செய்தல் என்பது அதன் பொருள். கணினித் துறையினர் சொல்லும் அல்காரிதம் என்பதும் அவர் பெயரிலிருந்து வந்ததே.

அந்நூலில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை என்பதை அறிவீர்களா? கணக்கு முழுவதையும் அவர் சொற்களாலேயே எழுதினார். நூலின் பெரும் பகுதி, சொத்துப் பங்கீட்டையும் மரண சாசனத்தையும் பற்றியதாகும். பாகப்பிரிவினையைப் பேசக் கேட்டு வளர்ந்த எந்த உம்மாவும் அக்கணக்கிற்கு அந்நியரல்லர்!

ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். ஒருவர் இறந்தார். கடன் முதலியவை தீர்த்தது போக, மீதம் 48,000 ரூபாய். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 6,000. எஞ்சியதில் மகளுக்கு ஒரு பங்கென்றால் மகனுக்கு இரண்டு பங்கு. மகளின் பங்கு எவ்வளவு? “தெரியாத அந்தத் தொகைக்கு ஒரு பெயர் வை” என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அதுதான் எக்ஸ். ஒரு எக்ஸ், இரண்டு எக்ஸ், அவற்றோடு 6,000, எல்லாம் சேர்ந்து 48,000. ஆறாயிரத்தைக் கழித்தால் மூன்று எக்ஸ் 42,000. ஆகவே மகளுக்கு 14,000, மகனுக்கு 28,000. மூன்று தொகைகளையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 48,000 வந்தால் விடை சரி. கூட்டிச் சரிபார்க்கும் அந்தக் கடைசிப் படியை மட்டும் மறவாதீர்கள். விடை சரியா என்று வாப்பாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளை, தன் கணக்கையே பார்த்துத் தெளியக் கற்றுக் கொள்வது அப்படியில்தான்.

விதியை மனப்பாடம் செய்த பிள்ளை, “குறையையும் குறையையும் பெருக்கினால் மிகை வருவது ஏன்?” என்று கேட்டால் மருள வேண்டாம். மூன்றைக் குறை இரண்டால் பெருக்கினால் குறை ஆறு. இரண்டைப் பெருக்கினால் குறை நான்கு. ஒன்றைப் பெருக்கினால் குறை இரண்டு. சுழியைப் பெருக்கினால் சுழி. ஒவ்வொரு படியிலும் விடை இரண்டிரண்டாக ஏறுகிறதல்லவா? அடுத்த படியில் குறை ஒன்றைப் பெருக்கினால் என்ன வரவேண்டும்? பிள்ளையே “மிகை இரண்டு” என்று சொல்லிவிடும்.

கண்ணால் கண்டு அறியும் விடை

அறிவியல் பாடத்தில், “ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதற்குச் சான்று தருக” என்று ஒரு வினா. உரைநூலில் இரண்டு வரி விடை உண்டு, எழுதிவிடலாம். ஆனால், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டையொட்டி மறைந்த இப்னுல் ஹைதம் இரண்டு வரியோடு நிறைவடையவில்லை. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் நம்பிய காலம் அது. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று அவர் நிறுவினார். இருட்டறையில் சிறு துளையிட்டு, விளக்குகளை வரிசையாக வைத்துச் சோதித்தார்.

அச்சோதனையை நம் வீட்டிலும் செய்யலாம். ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளையிடுங்கள். ஒருபுறம் இரண்டு மெழுகுவத்திகளைச் சற்று இடைவெளி விட்டு ஏற்றுங்கள். மறுபுறம் சுவர். இருட்டில் சுவரின் மீது இரண்டு ஒளிப்புள்ளிகள் தோன்றும். வலப்பக்கத்து மெழுகுவத்தியை மறைத்தால் எந்தப் புள்ளி மறைகிறது? இடப்பக்கத்துப் புள்ளி! ஏன் என்று பிள்ளையைக் கேளுங்கள். துளையின் வழியே குறுக்காக நேர்கோடு வரைந்து பார்த்துத் தானே சொல்லும். நெருப்பு இருக்குமிடத்தில் பெரியவர் ஒருவர் அருகிலிருப்பது அவசியம். பத்து நிமிடம் செலவாகும். ஆயினும் அந்த விடையை அதன் உள்ளத்திலிருந்து எவராலும் அழிக்க இயலாது.

கட்டுரை எழுதுவதும் இவ்வாறே. ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில், கடற்கரையூர்ப் பிள்ளை ஒன்று, தன் ஊரைச் சுற்றி வற்றாத ஆறு ஓடுவதாக எழுதினால், அது உரைநூலின் ஊரேயன்றித் தன் ஊராகாது. “காலையில் கடற்கரையில் என்ன கண்டாய்? வலையை எத்தனை பேர் இழுத்தார்கள்?” என்று நாலு வினாக் கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை நாலு இருந்தாலும் அது அப்பிள்ளையின் சொந்தக் கட்டுரை.

தெரியாது என்பதும் ஒரு விடை

நமக்கே விடை தெரியாவிட்டால்? மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் அவர்களிடம் நாற்பத்தெட்டு வினாக்கள் கேட்கப்பட்டபோது, முப்பத்திரண்டிற்குத் தமக்குத் தெரியாது என்றே அவர்கள் மறுமொழி அளித்ததாக அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். அத்தகைய பெரியாருக்கு நேராத இழுக்கு நமக்கு மட்டும் நேர்ந்துவிடுமா? தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லும் தந்தையிடம் பிள்ளை இரண்டு தவறுகளைக் கற்கிறது: ஒன்று அத்தவறான விடை; மற்றொன்று அவ்வாறு நடிக்கும் வழக்கம். “எனக்குத் தெரியவில்லை; நாளை உன் ஆசிரியரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று கூறுங்கள். அறியாததை அறிந்தோரிடம் கேட்டுத் தெளியுமாறுதான் திருமறையும் பணிக்கின்றது.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடமே அதன் வழியாகத்தான் வந்தது. அக்காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களை மாலைநேரங்களில் கற்பிக்கச் செய்ததையும் நாம் அறிவோம். பள்ளிகள் திறந்தன, கைப்பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இன்று கேட்ட வினாவிற்கெல்லாம் நொடியில் அழகிய நடையில் விடை எழுதித் தரும் பொறிகள் வந்துவிட்டன. அவற்றின் விடை சரியாகவும் இருக்கும், தவறாகவும் இருக்கும். இரண்டும் ஒரே உறுதியோடு வரும் என்பதுதான் இடர். ஆதலின், முதலில் பிள்ளை தானாக எழுதட்டும். பிறகு வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் வேறுபட்டால், பாடநூலைத் திறந்து எது சரி என்று தீர்மானிக்கட்டும். அவ்வாறாயின் பொறியும் ஒரு துணையாகும்.

படிக்காத தாய்மாருக்கு

இறுதியாக, ஏட்டுக்கல்வி வாய்க்கப் பெறாத தாய்மார்களுக்குச் சில சொற்கள். “எனக்கென்ன தெரியும்? வாப்பா வரட்டும், கேள்” என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாப்பா வருவதற்குள் பிள்ளை உறங்கிவிடும். கடல் கடந்து பொருள் தேடச் சென்ற வாப்பாவாயின் வருவதற்கு ஆண்டுகள் ஆகும். நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை ஐந்தாம் முறை கேட்பதையே விட்டுவிடுகிறது. கேட்பதை விட்ட பிள்ளை நாளடைவில் படிப்பையும் விட்டுவிடக் கூடும். பெண் மக்கள் விஷயத்தில் இது இன்னும் விரைவாக நிகழ்ந்து விடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டுவது எளிது. கறிகாய் நறுக்கிக் கொண்டே, “இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும். நடுவில் “அது ஏன்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெளிவாக விளங்கியிருந்தால் பிள்ளை தொடர்ந்து சொல்லும். விளங்காத இடத்தில் தடுமாறும். தடுமாறும் அந்த இடத்தில் ஏட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இதற்குப் பட்டம் வேண்டுமா, ஆங்கிலம் வேண்டுமா? காதும் பொறுமையும் இருந்தால் போதும். பிறருக்குச் சொல்லும்போதுதான் நாம் கற்றது நமக்கே உறுதிப்படுகிறது என்பதை ஓதிக் கொடுக்கும் லெப்பைமார்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை உங்கள் பிள்ளை ஏட்டை ஏந்தி வரும்போது, விடையைச் சொல்வதற்கு முன்னர், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை தவறாக வரலாம். ஏட்டில் சிவப்பு மை அதிகமாகலாம். அதனால் கலங்க வேண்டாம். தவறு வெளிப்பட்ட இடத்தில்தான் ஆசிரியர் கைகொடுக்க இயலும். கல்வியை அதிகமாக்குமாறு தன் தூதருக்கே இறைஞ்சக் கற்றுக் கொடுத்த வல்ல நாயன், நம் மக்களுக்கும் பயன் தரும் கல்வியை மென்மேலும் அருள்வானாக! ஆமீன்.